நான் உண்டாக்கிய ஆதிச்சபைச் சட்டம்

நான் ஒரு பொய் சொன்னேன். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த விசுவாசிகளின் பெயரால் சொன்னேன். அவர்கள் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பிய ஒரு பெண், அதற்குரிய தண்டனையைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அனுபவித்தாள்.

எழுதிவிட்டேன்.

இந்தச் சில வரிகளை எழுத இத்தனை காலம் ஆயிற்று. எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் நல்லது. முழுவதையும் கேளுங்கள்.

என் பெயர் பாக்கியநாதன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, குர்லாவில் ஒரு பட்டறையின் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவன். அப்போது தாராவியில் ஒரு சாலில் குடியிருந்தேன். ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கட்டடத்துக்குத்தான் அங்கே சால் என்று பெயர். எங்கள் சாலில் பாதிக்குமேல் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவர்கள். தோல் பதனிடுகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், இட்லி அவித்து விற்கிற பெண்கள். எங்கள் சபைப் போதகரை ஊர் வழக்கப்படி ‘ஐயர்’ என்றுதான் அழைப்போம். மாதுங்காவில் குடியிருக்கும் தமிழ்ப் பிராமணர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர் பிரசங்கத்தில், முதல் விசுவாசிகள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள் என்று சொன்னார். ஆராதனை முடிந்ததும் ஒரு கிழவர் எழுந்து, “அவிய எப்படிக் கும்பிட்டாவ, என்ன தின்னாவ, எங்க கூடுனாவ, அதையெல்லாம் யாராவது சொல்லித் தரப்பிடாதா?” என்று கேட்டார். ஐயர் என்னைப் பார்த்தார். அந்தச் சபையில் ஆங்கிலம் தடங்கலின்றி வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவனிடம் ஆதிச்சபையைப் பற்றிய ஒரு தடித்த ஆங்கில நூல் கிடைத்தது. அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே லோக்கல் ரயிலில் நின்றபடியே அதை வாசிப்பேன். ஞாயிறு மாலையில், வாசித்ததைத் தமிழில் சொல்லுவேன்.

அந்த மாலைகள் எவ்வளவு இனிமையாக இருந்தன தெரியுமா... அந்த ஆதி மக்களுக்குக் கோயில் இல்லை, வீடுகளில்தான் கூடினார்கள் என்றேன். “நம்ம சால் மாதிரி ஒண்ணுலதான் இருந்திருப்பாவ” என்றார்கள். பொழுது விடியுமுன் கூடிப் பாடுவார்கள், ஏனென்றால் அவர்களில் பலர் அடிமைகள், விடிந்தால் எஜமான் வேலைக்குப் போகவேண்டும் என்றேன். “மில்லு சங்கு ஊதுததுக்கு முன்ன” என்றான் ஒருவன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஞானஸ்நானம் பெறக் காத்திருப்பவர்கள் அப்பம் பிட்கும் நேரத்தில் வெளியே போய்விட வேண்டும். பெரும்பாவம் செய்தவர்கள் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் தங்களுக்காக ஜெபிக்கும்படி கெஞ்ச வேண்டும். திக்கற்றுச் செத்தவர்களைச் சபையே அடக்கம் செய்யும்... இப்படி ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல, எங்கோ கடலுக்கு அப்பால் வாழ்ந்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள் போலாகிவிட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டும்வரை அத்தனை பேரும் வாய் திறவாமல் காத்திருப்பார்கள். அந்த மௌனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆபீஸில் என்னை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. இங்கே நான் சொன்னதுதான் ஆதிச்சபை.

நாங்கள் கூடியது எஸ்தரின் அறையில். சாலின் கடைசி அறை. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியது. எஸ்தர் மாதுங்காவில் ஒரு பிரசவ விடுதியில் ஆயா வேலை பார்த்தாள். அவள் கணவன் தாவீது துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். கல்யாணமான புதிதில் குடித்துவிட்டு அவளை அடித்தவன். பிறகு குடியை விட்டுவிட்டான். கூட்டத்தில் சுவரோரமாய் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஆதிச்சபையில் நற்கருணைப் பந்திக்கு வரமுடியாத நோயாளிகளுக்கு ஒரு பங்கு எடுத்துவைத்து வீடுதேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று ஒரு ஞாயிறு சொன்னேன். மறுநாளே எஸ்தர் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப் போகத் தொடங்கிவிட்டாள். நான் அதைச் சொல்லும்போது யாராவது செய்ய வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. சுவையான செய்தி என்று சொன்னேன், அவ்வளவுதான்.

அந்தக் கிழவர் ஒருநாள் சொன்னார்: “அண்ணாச்சி வாசிக்காவ. நம்ம எஸ்தரு அதை அப்படியே செஞ்சி காட்டிப்புடுதா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாக்கியம் என் மார்பில் முள்ளாய் ஏறியது. அதன்பிறகு, நான் சொல்லி முடித்ததும் சபையாரின் கண்கள் எஸ்தரின் பக்கம் திரும்புவதைக் கவனிக்கத் தொடங்கினேன். உண்மையிலேயே திரும்பினவா, நானாக நினைத்துக்கொண்டேனா? இப்போது அதைச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. பெண் ஊழியர்களைப் பற்றியது. கீழ்த்திசைச் சபைகளில் பெண்களையும் கைவைத்து ஜெபித்து ஊழியத்துக்கு நியமித்தார்கள். ஆண்கள் நுழையக்கூடாத வீடுகளுக்குள் அவர்கள் போனார்கள். பெண்கள் ஞானஸ்நானம் பெறும்போது கூடவே தண்ணீரில் நின்றார்கள் என்று அந்நூல் விரிவாகச் சொல்லியது. வாசித்துக்கொண்டே வந்தபோது ரயிலில் என் கண்முன் எஸ்தர்தான் நின்றாள், கையில் தூக்குச்சட்டியோடு.

அந்த ஞாயிறு அத்தியாயம் முழுவதையும் தாண்டி அடுத்ததை எடுத்தேன். யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? முதல் தவறு அதுதான். அதில் சத்தமே இல்லை.

இப்போது பொன்னுத்தாயைப் பற்றிச் சொல்கிறேன். தோல் ஷெட்டில் வேலை செய்த ஒருவனின் மனைவி. இளவயது. இந்துக் குடும்பம். எஸ்தரோடு பழகிப் பழகி எங்கள் கூட்டத்துக்கு வந்தவள், தானும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றாள். புருஷனும் தடை சொல்லவில்லை. “அவளுக்குச் சந்தோசம்னா சரிதான்” என்றான். கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கலாம் என்று ஐயர் சொல்லியிருந்தார். அதற்குள் அவளுக்குக் காசநோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். தன் வீட்டில்தான் கண்மூட வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்துத் திரும்பி வந்துவிட்டாள்.

ஆடி மழை. மூன்று நாளாய் விடாமல் பெய்து தண்டவாளங்கள் முழுகிவிட்டன. ரயில் இல்லை, பஸ் இல்லை. ஏதோ கூட்டத்துக்காகப் பூனாவுக்குப் போயிருந்த ஐயர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நானும் வேலைக்குப் போகாமல் அறையில் இருந்தேன். காலைப் பலகாரம் முடிந்து தேநீர் ஊற்றி வைத்திருந்த நேரம். எஸ்தர் தொப்பலாக நனைந்தபடி வந்து வாசலில் நின்றாள்.

“அண்ணாச்சி, பொன்னுத்தாய்க்கு ரொம்ப முடியல. இன்னைக்குத் தாண்டாது. ஞானஸ்நானம், ஞானஸ்நானம்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்கா. ஐயரு வார வழியக் காணோம். நீங்க வந்து குடுக்கியளா?”

என் மூளையில் முதலில் வந்தது அந்தச் சிறிய அறை, அந்த இருமல், அந்த ரத்தம்.

“நா குருவானவர் இல்லையே, எஸ்தர்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப நா குடுக்கலாமா? ஆதிச்சபையில பொம்பளைய குடுத்திருக்காவளா? நீங்கதான் படிச்சிருக்கிய. சொல்லுங்க.”

அந்நூல் என்ன சொல்லியிருந்தது தெரியுமா? அவசர வேளையில் விசுவாசி எவரும் கொடுக்கலாம் என்று சில இடங்களில் இருந்தது. பெண்கள் கூடாது என்று சில மூப்பர்கள் தடுத்தார்கள். அக்காலத்தாரே இதில் ஒருமனப்படவில்லை. இவ்வளவுதான் இருந்தது. இதை அப்படியே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தேநீர் ஆறுவதற்குள் சொல்லியிருக்கலாம்.

“கெடையாது” என்றேன். “ஆதிச்சபையில பொம்பளையளுக்கு எந்த ஊழியமும் கெடையாது.”

அதோடு நிறுத்தியிருந்தாலும் அது பொய்தான். ஆனால் நான் நிறுத்தவில்லை. அவள் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியதைப் பார்த்தேன். அதை அழித்துவிட வேண்டும் என்று ஒரு வேகம்...

“அப்படித் துணிஞ்சி செஞ்ச பொம்பளைய உயிரோட இருக்க மட்டும் பந்தியில சேக்க மாட்டாவ. அதுதான் அந்தக் காலத்துச் சட்டம்.”

“அப்படியா போட்டிருக்கு?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

அவள் முந்தானையைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் திரும்பிப் போனாள். நான் உள்ளே வந்து தேநீரைக் குடித்தேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது.

ஏன் செய்தேன்? பயமா? கொடுக்கலாம் என்று சொன்னால், “அப்போ நீங்களே வாங்க” என்று கூப்பிட்டுவிடுவாள் என்ற பயமா? பொறாமையா? அடுத்த ஞாயிறு எல்லோரும் அவளை ஆதிச்சபையே நேரில் வந்ததுபோலப் பார்ப்பார்களே என்ற பொறாமையா? பயம் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. ஆகவே அது பொறாமையாகத்தான் இருக்கவேண்டும்.

அன்று விளக்கேற்றும் நேரத்தில் பொன்னுத்தாய் இறந்துபோனாள். அவளுடைய ஆட்கள் தங்கள் வழக்கப்படி எடுத்துப் போனார்கள். எஸ்தர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு பெண் சாகும்போது கேட்ட ஒன்றே ஒன்றை நான் தட்டிப் பறித்துவிட்டேன் என்றுதான் அன்றிலிருந்து நினைத்தேன்.

ஆபீஸில் வேலை அதிகம் என்று காரணம் சொல்லி வகுப்பை நிறுத்தினேன். செம்பூரில் திலக் நகரில் வீடு கிடைத்ததும் தாராவியை விட்டுப் போனேன். அங்கே பக்கத்தில் இருந்த சபையில் சேர்ந்துகொண்டேன். புத்தகத்தைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டு மேலே கம்பளியை வைத்தேன். மழைக்காலம் தொடங்கினால் எனக்குச் சாப்பாடு பிடிக்காது. உடம்புக்கு என்ன என்று என் மனைவி கேட்பாள். பித்தம் என்பேன்.

பாகிஸ்தான் சண்டையின்போது விளக்கொளி வெளியே தெரியாதபடி ஜன்னல்களில் பழுப்புக் காகிதம் ஒட்டினோம், பிறகு கிழித்தோம். தென்னாட்டுக்காரர் கடைகளின்மேல் கல் விழத் தொடங்கிய காலமும் வந்தது. தாராவிக்குப் புதிய போதகர் ஒருவர் வந்தார். இளைஞர். ஒருநாள் என் ஆபீஸுக்கே தேடி வந்துவிட்டார்.

“நீங்க முன்னாடி நடத்தின ஆதிச்சபை வகுப்பப் பத்தி இன்னும் பேசுறாங்க. மறுபடியும் நடத்தித் தரணும்” என்றார்.

ஒப்புக்கொண்டேன். மறுத்திருந்தால் இன்றைக்கும் இந்தச் சுமையோடுதான் இருந்திருப்பேன்.

நான் போன முதல் ஞாயிறு நற்கருணை ஞாயிறு. அப்பமும் திராட்சைரசமும் பீடத்தின்மேல் திறக்கப்பட்டதும், பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் எழுந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. வெள்ளைச் சேலை. அப்போதுதான் தாவீது இறந்துபோனான் என்று எனக்குத் தெரிந்தது. அவள் யாரையும் பார்க்காமல் வெளியே போய், செருப்புகள் கிடந்த நடையில் கைகட்டி நின்றாள். ஆராதனை முடியும்வரை அங்கேயே நின்றாள்.

பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். “அது அப்படித்தான் அண்ணாச்சி. ரொம்ப வருசமா வாங்குததில்ல. கேட்டா வாயத் தெறக்க மாட்டா. என்ன பாவமோ” என்றார்.

அந்த வாரம் ஒரு வேலையும் ஓடவில்லை. சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். மத்தியானமே தாராவிக்குப் போனேன். எஸ்தர் அதே கடைசி அறையில், முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. இந்தப் பக்கம் வர வழி தெரிஞ்சிச்சா?” என்றாள். அவள் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. மகிழ்ச்சிதான் இருந்தது. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

“நீ ஏன் நற்கருணை வாங்குததில்ல, எஸ்தர்?”

அவள் அரிசியைப் பார்த்தபடியே இருந்தாள். “ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான சொன்னிய.”

“நா என்ன சொன்னேன்?”

“செஞ்ச பொம்பளைய உயிரோட இருக்க மட்டும் பந்தியில சேக்க மாட்டாவன்னு.” குரலைத் தாழ்த்தினாள். “நா செஞ்சிட்டேன், அண்ணாச்சி.”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

“அன்னைக்கு ஒங்ககிட்டக் கேட்டுட்டுத் திரும்பிப் போறப்ப, செய்யப்பிடாதுன்னுதான் போனேன். அவ என் கையப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்ல. அப்ப நெனச்சேன், எனக்குப் பந்தி இல்லாமப் போனாப் போட்டும், இவ ஆசப்பட்டது கெடைக்காமப் போவக் கூடாதுன்னு. ஓட்டுல ஒழுவுன தண்ணிய ஒரு கிண்ணத்துல பிடிச்சி மூணு தடவ தலையில ஊத்துனேன். எனக்குத் தெரிஞ்ச அளவுல ஜெபம் பண்ணுனேன். பேரு மாத்தல. பொன்னுத்தாயின்னே சொன்னேன், அவளுக்கு அந்தப் பேருன்னாப் பிடிக்கும். சிரிச்சா அண்ணாச்சி. ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிச்சா.”

அவள் சிரித்தாளாம்.

நான் அழுதேன். துக்கத்தில் அல்ல. நான் பறித்துவிட்டேன் என்று நம்பியிருந்தது பறிபோகவே இல்லை! இத்தனை மழைக்காலங்கள் நான் புதைத்துப் புதைத்து வைத்த அந்தப் பிணம் அங்கே இல்லவே இல்லை. பொன்னுத்தாய் கேட்டதைப் பெற்று, சிரித்து, கஞ்சி குடித்துப் போயிருக்கிறாள். அந்த நிமிடம் எனக்கு உண்டான ஆறுதலை எந்தச் சொல்லால் சொல்வேன்... காய்ச்சல் விட்டு வியர்த்த உடம்பு போல இருந்தேன். எஸ்தர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, பொம்பள குடுத்தது செல்லாதுன்னு சொல்லிப்புட்டாவன்னா? அவளுக்கு அது இல்லைன்னு ஆயிருமே. அதான் வாயத் தெறக்கல. எனக்கு உள்ள தண்டனைய நானே எடுத்துக்கிட்டேன்.”

என் ஆறுதல் அதோடு நின்றுபோயிற்று. என் எதிரே உட்கார்ந்திருப்பவள் இத்தனை ஆண்டுகள் செருப்புகளுக்கு நடுவே நின்றது எதனால் என்று அப்போதுதான் முழுவதும் உறைத்தது. அவள் மீறியது அப்போஸ்தலர்களின் சட்டத்தை அல்ல. ஆடி மழையில் ஒரு டைப்பிஸ்ட் தேநீருக்கு முன்னால் உண்டாக்கிய சட்டத்தை.

அங்கேயே சொல்லிவிட்டேன். அதற்காக எனக்கு எந்தப் பெருமையும் வேண்டாம். அழுதுகொண்டிருந்ததால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எஸ்தர், அப்படி ஒரு சட்டமே இல்ல.”

“என்னது?”

“புஸ்தகத்துல அது இல்ல. நானாச் சொன்னது.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “ஒரு வரிகூட இல்லியா?”

“இல்ல. பொம்பளைய ஊழியம் செஞ்சிருக்காவ. ஞானஸ்நானத்துக்குத் தண்ணியில கூட நின்னிருக்காவ. நாந்தான் மறைச்சேன்.”

“ஏன்?”

“ஒம்மேல பொறாமை.”

வெளியே குழாயடியில் பெண்கள் வாளிக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. எஸ்தர் மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கல் பொறுக்கவில்லை. சும்மா அரிசியைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு தாவீதைப் பற்றிச் சொன்னாள்: “இவிய சாகக் கெடந்தப்ப பழைய ஐயரு வீட்டுக்கே நற்கருணை கொண்டாந்தாரு. ‘எஸ்தரு, நீயும் எங்கூட வாங்கிக்கோ’ன்னாவ. எனக்குத் தகுதி இல்லன்னேன். எம் மொகத்தையே பாத்தாவ. ‘எங்கூட வாங்கத்தான் பிடிக்கலியா? நா அடிச்சதெல்லாம் நீ இன்னும் மறக்கலியா?’ன்னாவ. அப்படியில்லன்னேன். அப்ப என்னன்னாவ. நா என்னத்தச் சொல்ல? சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாவ. மறுநாப் போயிட்டாவ.”

அவள் முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அதுக்கு இப்ப நா என்ன செய்யட்டும், சார்?”

சார் என்றாள். அதுவரை அண்ணாச்சி.

அடுத்த நற்கருணை ஞாயிறு அவள் வெளியே போகவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்களோடு வரிசையில் போய், முழந்தாளிட்டு, இரு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். நான் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதை நான் மறுக்கமாட்டேன். அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். என் மனைவி ஆச்சரியப்பட்டாள். அவளிடமும் சொன்னேன். அவள், “இதுக்குப் பேருதான் பித்தமா?” என்று மட்டும் கேட்டாள்.

எஸ்தர் வெளியே நின்ற அத்தனை ஆண்டுகளும் நானும் வெளியே நிற்கவேண்டும் என்று ஓர் எண்ணம் வந்தது. புதிய ஐயரிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுமதி கேட்டேன். அவர் கேட்டார்: “நீங்க வெளிய நின்னா எல்லாரும் யாரைப் பாப்பாங்க?” என்னைத்தான் பார்ப்பார்கள். அந்த ஆசை இன்னும் எனக்குள் செத்துப்போகவில்லை என்று தெரிந்துகொண்டேன். நிற்கவில்லை.

ஆனால் வகுப்பில் சொன்னேன். எஸ்தரிடம் போய், “பொன்னுத்தாய் சங்கதியச் சொல்லலாமா?” என்று முதலில் கேட்டேன். “சொல்லுங்க. இனிமே எனக்குப் பயமில்ல” என்றாள். ஆதிச்சபையில் பாவ அறிக்கை சபையின் முன்னே நின்று செய்வார்கள் என்று அன்று பாடம் சொல்லிவிட்டு, அப்படியே எழுந்து நின்று என் பொய்யையும் சொன்னேன். தாண்டிப்போன அத்தியாயத்தைக் கம்பளிக்கு அடியிலிருந்து எடுத்து வந்திருந்தேன். முழுவதும் வாசித்து அர்த்தம் சொன்னேன். பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சொல்லி முடித்து, யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அந்தக் கிழவர் இப்போது இன்னும் கிழவர், காதும் மந்தம். “நல்லது, அடுத்த பாடத்துக்குப் போவுமா?” என்றார். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன்!

எல்லோரும் அப்படி விட்டுவிடவில்லை. ஒருவன் மட்டும் பின்தங்கி நின்றான். அப்போது என் வகுப்பில் இருந்தவன், அந்த மழை நாளில் பக்கத்து அறையிலிருந்து நான் சொன்ன சட்டத்தை மட்டும் காதில் வாங்கியிருந்தவன். இப்போது அணுசக்தி நகரில் டெக்னீஷியன். அங்கே குவார்ட்டர்ஸில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறான்.

“அண்ணாச்சி, அந்தச் சட்டத்த நானும் எங்க கூட்டத்துல பல தடவ சொல்லியிருக்கேனே” என்றான்.

அவனோடு அங்கே போனேன். உண்மையை விளக்கினேன். கேட்டவர்களில் ஓர் அம்மையார், படித்தவர், மிகுந்த மரியாதையோடு, “நீங்க சொல்றது தப்புங்க. அந்தச் சட்டம் இருந்தது. நானே ஒரு புஸ்தகத்துல படிச்சிருக்கேன்” என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இவ்வளவுதான் என் கதை. சொல்லவேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். இந்த வருடம் மழை தொடங்கிவிட்டது, எனக்குச் சோறு கசக்கவில்லை. நடக்கும்போது உடம்பு எடையற்று இருக்கிறது. இதற்கு எனக்கு உரிமை உண்டா என்று சிலவேளை கேட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் ஒருவனிடம் சொல்ல முடியவில்லை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எஸ்தர் படியிறங்கும்போது அவளிடம் போனேன். தாவீதின் நினைவுநாள் வருவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சிவ்ரி கல்லறைத் தோட்டத்துக்கு அன்று நானும் வருகிறேன், அங்கே நின்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றேன்.

அவள் குடையை விரித்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“வேண்டாம் சார்” என்றாள். “அவியகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.”